தேயிலையில் எத்தனை வகை?

நேயர்களே, சில மாதங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு கொழும்பிலே ஒரு தேயிலைக் கடைக்குச் சென்றேன். ஊருக்குக் கொண்டுபோக நல்ல தேயிலை ஒரு கிலோ வேண்டும் என்பது அவர் விருப்பம். கடையின் அலமாரிகளிலே பச்சைத் தேயிலை என்றும், வெள்ளைத் தேயிலை என்றும், ஊலோங் என்றும், ஓரஞ்சு பீக்கோ என்றும் பெயர் பொறித்த பெட்டிகள் வரிசை வரிசையாக இருந்தன. அவர் நெடுநேரம் ஆராய்ந்து, ஓரஞ்சு பீக்கோ என்று எழுதிய பெட்டியைத் தெரிந்தெடுத்தார். அன்று மாலை தேநீர் வார்த்துக் கொடுத்தபோது ஒரு வாய் அருந்திவிட்டு, "தம்பி, இதிலே தோடம்பழ மணத்தைக் காணவில்லையே! ஏமாற்றிவிட்டார்களோ?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்திற் படிப்பித்தவர் அவர். அவர்மீது குற்றமில்லை. உலகத்துக்கெல்லாம் தேயிலை அனுப்பும் நாட்டிலே நாம் பிறந்திருந்தும், பெட்டியின்மேல் எழுதியிருக்கும் சொற்களுக்குப் பொருள் என்னவென்று நமக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை.

நான் மலைநாட்டுத் தோட்டமொன்றிற் பிறந்தவன். தேயிலைத் தொழிற்சாலையிற் சில ஆண்டுகள் வேலையும் பார்த்தவன். ஆகையால், அன்றிரவு அந்த மாஸ்ரருக்குச் சொன்னவற்றையே சற்று விரித்து இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகின்றேன்.

முதலிலே மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று. பச்சைத் தேயிலைக்கு ஒரு செடி, கறுப்புத் தேயிலைக்கு வேறொரு செடி என்று கிடையாது. கமேலியா சினென்சிஸ் என்னும் ஒரே தாவரத்தின் கொழுந்திலிருந்தே இவையனைத்தும் உண்டாகின்றன. இத்தாவரத்தில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. சீன இனத்துக்கு இலை சிறியது, குளிரைத் தாங்கும், புதராக வளரும். அசாம் இனத்துக்கு இலை அகன்றது. வெப்பமும் மழையும் அதற்கு உவப்பு. கவ்வாத்து வெட்டாமல் விட்டுவிட்டால் மரமாகவே உயர்ந்துவிடும். நமது தோட்டங்களில் இன்று காண்பவை பெரும்பாலும் அசாம் இனத்தின் வழிவந்த கலப்புச் செடிகள். 1925 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்து, வெட்டுத்தண்டுகளால் பெருக்கிய இனங்களும் அவற்றுள் அடங்கும்.

செடி ஒன்றே என்பதை ஐரோப்பியர் அறிய நெடுங்காலம் சென்றது. தாவரங்களுக்கெல்லாம் பெயர் வகுத்த சுவீடன் தேசத்து லின்னேயசே 1762 ஆம் ஆண்டில் பச்சைத் தேயிலைச் செடிக்கு ஒரு பெயரும் கறுப்புத் தேயிலைச் செடிக்கு இன்னொரு பெயரும் சூட்டி வைத்தார். 1840களிலே சீனாவுக்குச் சென்ற றொபேட் போச்சூன் என்னும் ஸ்கொத்லாந்துத் தோட்டக்கலைஞர், ஒரே செடியிலிருந்து இரண்டும் செய்யப்படுவதை நேரிற் கண்டு எழுதிய பின்னரே அம்மயக்கம் தீர்ந்தது. அவர் இன்னொன்றையும் கண்டார். அயல்நாட்டாருக்கு அனுப்பும் பச்சைத் தேயிலைக்குக் கண்ணைக் கவரும் நிறம் வரவேண்டும் என்பதற்காக, அங்குள்ள தொழிலாளர் அதில் நீலச் சாயமும் ஜிப்சம் பொடியும் சேர்த்துக்கொண்டிருந்தனர். தேயிலையிற் சாயங் கலப்பது நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. அதனைப் பின்னர்ப் பேசுவோம்.

ஒரே கொழுந்து எவ்வாறு பச்சையாகவும் கறுப்பாகவும் ஆகின்றது? அடுக்களையில் நாள்தோறும் காணும் நிகழ்ச்சியொன்றே இதற்கு விடை கூறும். கறிக்கு அரிந்த கத்தரிக்காயைத் தண்ணீரில் இடாமற் சிறிது நேரம் வைத்துவிட்டால், அதன் வெட்டுவாய் கறுத்துப் போகின்றது. வாழைக்காயும் அவ்வாறே. முழுக் காயாக இருக்கும்வரை கறுக்காதது, கத்தி பட்டவுடன் கறுப்பதேன்? காயின் நுண்ணிய கலங்களுக்குள்ளே பொலிபீனோல் என்னும் துவர்ப்புப் பொருள்கள் ஓர் அறையிலும், அவற்றை மாற்றவல்ல நொதியம் இன்னோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டதும் அறைச்சுவர் உடைகின்றது, இரண்டும் கலக்கின்றன, காற்றிலுள்ள ஒட்சிசன் வந்து சேருகின்றது, நிறம் மாறுகின்றது. தேயிலைக் கொழுந்திலும் நிகழ்வது இதுவே. கொழுந்தை நசுக்கிக் காற்றுப்பட வைத்தால் அது செம்பு நிறமடைந்து பின்னர்க் கறுக்கும். நசுக்குவதற்கு முன்னரே சூடேற்றி அந்நொதியத்தை அழித்துவிட்டால் பச்சையாகவே நிற்கும். பச்சை, ஊலோங், கறுப்பு என்பவையெல்லாம் இம்மாற்றத்தை எந்த இடத்திலே நிறுத்தினார்கள் என்பதைத் தெரிவிக்கும் பெயர்களேயாம். தொழிற்சாலைகளில் இதனை நொதித்தல் என்று வழங்கினும், தோசைமா புளிப்பதுபோல நுண்ணுயிர்களால் ஆகும் நொதித்தல் அன்று இது. ஒட்சியேற்றம் என்பதே பொருந்திய பெயர்.

பச்சைத் தேயிலைக்கு, கொழுந்து பறித்த சிறிது நேரத்துக்குள்ளேயே சூடு காட்டிவிடுவர். சீனர் பெரும்பாலும் அகன்ற சட்டியிலிட்டுக் கையால் வறட்டுவர். யப்பானியர் கொதிநீராவியில் அவிப்பர். சுவையிலே இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஹாங்சௌ நகரையடுத்த குன்றுகளில் விளையும் லோங்சிங் என்னும் சீனத் தேயிலை வறுத்த கடலையை நினைவூட்டும். ஆவியில் அவித்த யப்பானியச் சென்சாவில், இளங்கீரை அவித்த நீரின் பச்சை வாசனை மேலோங்கும். பறிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னிருந்தே செடிகளுக்கு மேலே பந்தலிட்டு வெயிலை மறைப்பதும் யப்பானியரிடையே உண்டு. நிழலில் வளர்ந்த கொழுந்திலே துவர்ப்புக் குறைந்து, தியனீன் என்னும் பொருளினால் உண்டாகும் இன்சுவை மிகும். அதனை உலர்த்தி, நரம்பு நீக்கி, கல்லிலே மாவாக அரைத்ததுதான் இப்போது நமது நகரத்துக் கடைகளிலும் பெயர் அடிபடுகின்ற மச்சா.

பச்சைத் தேயிலையை வாங்கியவர்களிற் பலர், "ஒரே கசப்பு" என்று இரண்டாம் நாளே அதைக் கைவிடுகின்றனர். கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் கேத்திலே. தளதளவென்று கொதிக்கும் நீரை அதன்மேல் ஊற்றலாகாது. நீர் கொதித்த பின் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, 70 அல்லது 80 பாகை வெப்பத்தில் ஊற்றி, இரண்டு நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். இன்னொன்றையுஞ் சொல்லிவிடுகின்றேன். பச்சைத் தேயிலையில் கபீன் இல்லை என்று நம்புவோர் உளர். அது தவறு. எல்லாத் தேயிலையிலும் கபீன் உண்டு. நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. உடல் மெலியும், நோயெல்லாம் நீங்கும் என்று அயலவர் சொல்லும் அதிசயங்களையும் நான் எளிதில் நம்புவதில்லை. நல்ல பானம், அவ்வளவே.

வெள்ளைத் தேயிலை செய்கைகளுள் மிகக் குறைந்தது. விரியாத அரும்பையோ, அரும்புடன் இளந்தளிரையோ பறித்து, உருட்டாமலும் வறுக்காமலும் மெல்ல வாடவிட்டு உலர்த்துவர். அரும்பின்மேல் இருக்கும் வெண்மயிர் உதிராமல் நிற்பதனாற் பெயரும் வெள்ளையாயிற்று. சீனாவின் பூஜியன் மாகாணம் அதற்குத் தாயகம். நமது மலைநாட்டிலும் அரும்பை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி, வெள்ளி நுனி என்னும் பெயரிற் செய்கின்றனர். மஞ்சட் தேயிலை என்று ஒன்றும் சீனாவில் உண்டு. பச்சைத் தேயிலையைச் சூட்டுடன் பொதிந்து புழுங்கவைத்துச் செய்வது. நம்மவர் கைக்கு எட்டுவது அரிது.

ஊலோங்கைச் செய்வதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்பேன். அது பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவே நிற்பது. கொழுந்தை வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டுகளிலே மெல்லக் குலுக்குவர். இலையின் ஓரம் மாத்திரம் காயம்பட்டுச் சிவக்கும். நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். குலுக்குவதும் ஆறவிடுவதுமாக இரவு முழுவதும் காத்திருந்து, மணம் எழும் தறுவாய் பார்த்துச் சட்டியிலிட்டு மாற்றத்தை நிறுத்துவர். முன்னரே நிறுத்தினால் மல்லிகை போன்ற மென்மணம். பின்னர் நிறுத்திக் கரிநெருப்பிலே வாட்டினால் கருகிய வெல்லத்தின் மணம். பூஜியனின் வூயி மலையும் தைவான் தீவும் இதிலே பெயர் பெற்றவை. நிறுத்தும் கணத்தை மணிக்கூடு காட்டாது. செய்பவனுடைய மூக்கே காட்டும்.

உண்மையான நொதித்தல் நிகழும் தேயிலையும் ஒன்று இருக்கின்றது. சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பூ-எர் தேயிலையை வட்டங்களாக அழுத்திப் பல ஆண்டுகள் பழகவிடுவர். 1973 ஆம் ஆண்டளவில், ஈரமாக்கிக் குவித்துவைத்து நுண்ணுயிர்களைக் கொண்டு சில வாரங்களிலேயே பழமை வருவிக்கும் முறையைக் குன்மிங் நகரத் தொழிற்சாலையிலே கண்டனர். மழை நின்றபின் காட்டுத் தரையில் எழும் மண்வாசனை அதில் உண்டு. ஒருமுறை அருந்தினேன், மறுமுறை கேட்கவில்லை.

இனி நமது கறுப்புத் தேயிலைக்கு வருவோம். 1824 ஆம் ஆண்டிலேயே சீனத்துச் செடிகள் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டிருந்த போதிலும், அக்காலத்தில் எல்லாருடைய எண்ணமும் கோப்பியிலேயே இருந்தது. 1867 ஆம் ஆண்டிலே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை நட்டார். இரண்டு ஆண்டுகளுக்குள் கோப்பி இலைகளில் துருநோய் தோன்றிற்று. அதன் பின்னர் மலைநாட்டின் தலைவிதியே மாறியது. டெய்லரின் முதற் தொழிற்சாலை அவருடைய பங்களாவின் விறாந்தைதான். கொழுந்தை மேசைமேல் வைத்துக் கையால் உருட்டி, கரியடுப்பிலே உலர்த்தினார்கள். 1873 இல் இலண்டனுக்குச் சென்ற முதற் பொதி 23 இறாத்தல். உருட்டிய கைகளுக்குரியவர் யாவர் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

இன்றும் வேலையின் வரிசை அதுவே, கருவிகள்தாம் மாறின. மாலையில் வந்து சேர்ந்த கொழுந்தைக் கம்பிவலைத் தொட்டிகளிலே பரப்பி, கீழிருந்து காற்றுச் செலுத்தி வாட்டுவர். பதினான்கு, பதினாறு மணித்தியாலம் செல்லும். மலைநாட்டு வீதியிலே இரவுப் பயணம் செய்தவர்கள் தொழிற்சாலையைக் கடக்கும்போது பழமும் பச்சிலையுங் கலந்தாற்போன்ற ஒரு மணத்தை அறிந்திருப்பார்கள். அஃது இவ்வாட்டலின் மணம். வாடிய கொழுந்தை விரல்களால் அழுத்தினால் பந்துபோலத் திரண்டு, விட்டதும் மெல்ல விரிய வேண்டும். காம்பை மடித்தால் ஒடியலாகாது. அதன்பின் உருட்டும் பொறியில் இடுவர். இலை முறுகும்; சாறு வெளிப்படும்; உடைந்து விழுந்த தூளைச் சலித்தெடுத்து, குளிர்ந்த ஈரக்காற்றுள்ள அறையிலே மென்படையாகப் பரப்புவர். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் பச்சை மறைந்து, புதிதாய்த் துலக்கிய செப்புக்குடத்தின் நிறம் வந்துவிடும். அந்த நிலையில் உலர்த்தும் பொறிக்குள் செலுத்தி ஒட்சியேற்றத்தை நிறுத்துவர். கால் மணித்தியாலம் முன்னே செலுத்தினால் தேநீரிற் பச்சைக் கடுப்பு. பின்னே செலுத்தினால் நிறமிருக்கும், உயிரிராது. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை மிஞ்சும்.

இம்முறைக்கு மரபுமுறை என்று பெயர். 1930களின் தொடக்கத்தில் அசாமிலே வில்லியம் மக்கேர்ச்சர் என்பவர் வேறொரு பொறியை அமைத்தார். பற்கள் கொண்ட இரு உருளைகளுக்கிடையே கொழுந்தைச் செலுத்தி நசுக்கி, கிழித்து, சுருட்டும் பொறி அது. சீ.ரீ.சி. என்று இதனைக் கூறுவர். கேழ்வரகு போன்ற சிறு மணிகளாக வரும். கலங்களெல்லாம் உடைந்து போவதனால் நிறமும் கடுப்பும் விரைவில் இறங்கும். பாலுஞ் சீனியும் கலந்து அருந்துவதற்கு இதுவே பொருத்தம். இந்தியாவிலும் கென்யாவிலும் பெரும்பகுதி இம்முறையிலேயே செய்யப்படுகின்றது. இலங்கை இன்னும் மரபுமுறையையே பெரிதும் பற்றி நிற்கின்றது.

மாஸ்ரரின் ஓரஞ்சுக்கு இப்போது வருகின்றேன். உலர்ந்த தேயிலையை வெவ்வேறு கண்ணளவுள்ள அரிதட்டுகளிலே சலிப்பர். முழு இலையாக முறுகி நிற்பது ஓரஞ்சு பீக்கோ. உடைந்தது புரோக்கன் ஓரஞ்சு பீக்கோ, அதாவது பி.ஓ.பி.; அதனினும் சிறியது பி.ஓ.பி.எஃப்.; எல்லாவற்றிலும் நுண்ணியது தூள். பீக்கோ என்பது அரும்பின் வெண்மயிரைக் குறிக்கும் சீனச் சொல்லின் திரிபு. ஓரஞ்சு என்பது ஒல்லாந்து அரச குடும்பத்தின் பெயரால் வந்தது என்று சொல்வாருண்டு. பழத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. ஆகவே இப்பெயர்கள் முதன்மையாகக் கூறுவது துண்டின் பருமனை. மோசமான கொழுந்திலும் ஓரஞ்சு பீக்கோ சலித்தெடுக்கலாம். சிறந்த கொழுந்திலுந் தூள் விழும். நல்ல தோட்டத்தின் முதற்றரத் தூள், பெயர் மட்டும் பெரிதான முழு இலையைவிடப் பன்மடங்கு நல்லது. துண்டு சிறியதானால் நீர் படும் பரப்பு மிகும். சாயம் விரைவில் இறங்கும். முழு இலைக்கு ஐந்து நிமிடம் வேண்டும். தூளுக்கு இரண்டு போதும். தூள் என்றால் கூட்டிப் பெருக்கிய குப்பை என்று நினைப்பது தவறு. நாரும் காம்புமாகக் கழிக்கப்படும் கழிவுத் தேயிலை வேறு.

பருமனைவிடத் தேயிலையின் குணத்தைத் தீர்மானிப்பது அது விளைந்த இடமும் பருவமும். 2000 அடிக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை; 4000 அடிவரை இடைநிலம்; அதற்கு மேல் உயர்நிலம். காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களின் வெப்பத்திலே செடி வேகமாகத் தளிர்க்கும். இலை கரியதாய், அழகாய் முறுகும். தேநீர் கடும் நிறங்கொள்ளும். நமது உற்பத்தியிற் பாதிக்கு மேல் இப்பகுதிகளிலிருந்தே, பெரும்பாலும் சிறுதோட்டக்காரரின் நிலங்களிலிருந்து, வருகின்றது. மத்திய கிழக்கு நாட்டவர் இதனை விரும்பி வாங்குகின்றனர். நுவரெலியாவின் குளிரிலோ தளிர் மெல்ல மெல்லவே வரும். அதன் தேநீர் வெளிறிய பொன்னிறம். பார்த்தால் மெலிந்தது போலிருக்கும். அருந்தினால் மணம் நெடுநேரம் நிற்கும்.

காற்றின் வேலை இன்னும் வியப்பானது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சாய்விலே மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைக் கடந்து கிழக்கே இறங்கும்போது வறண்ட காற்றாகிவிடுகின்றது. மட்டக்களப்பு நேயர்கள் அதனைக் கச்சான் என்று நன்கறிவர். ஊர் முழுவதும் வாய் வறண்டு அக்காற்றை நொந்துகொள்ளும் அந்த நாட்களிலே, ஆடி ஆவணிப் பொழுதில், பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதிகளிலுள்ள செடிகளும் நீருக்கு ஏங்கித் தவிக்கும். அத்தவிப்பிலே கொழுந்தினுள் உருவாகும் மணப்பொருள்களே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழை ஈட்டின. நாவிலே கற்பூரப்புல்லின் குளிர்ச்சி போல ஒன்று பட்டு மறையும். மேற்குச் சாய்விலுள்ள திம்புள்ளப் பகுதிக்கு முறை மாறிவரும். அங்கே தை முதற் பங்குனி வரை, வாடைக்காற்றின் வறண்ட குளிரிலே சிறந்த தேயிலை கிடைக்கும். ஒரே தோட்டத்தின் ஒரே செடி, மழைக்காலத்திலே கொடுக்கும் தேயிலைக்கும் இப்பருவத்திலே கொடுக்கும் தேயிலைக்கும் ஏலத்தில் விலை வேறு.

இவ்வளவும் சொன்ன பின்னரும், எல்லாவற்றுக்கும் முந்திய ஒன்று இருக்கின்றது. அது கொழுந்தைக் கிள்ளும் கை. இரண்டு இலையும் ஓர் அரும்பும் என்பது பறிப்பின் இலக்கணம். அந்த இளந்தளிரிலேதான் பொலிபீனோலும் நொதியமும் நிறைந்திருக்கும். மூன்றாம் நான்காம் இலைகளிலே நார் மிகும். அரும்பு உறங்கிப்போன வங்கிக் கொழுந்தும், முற்றிய கரட்டு இலையும் கலந்துவிட்டால், எந்தப் பொறியாலும் எந்த மூக்காலும் அதைத் திருத்த முடியாது. என் பாட்டியார் முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். கூடையிலே கையை வைத்து அமுக்கினால் அதட்டுவார். "அமுக்காதடா, கொழுந்து வெந்துபோகும்" என்பார். ஒட்சியேற்றம் என்ற சொல்லை அவர் கேட்டதில்லை. ஆனால் நசுங்கிய கொழுந்து கூடைக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும் என்பதும், சிவந்தால் தொழிற்சாலையிலே செய்யவேண்டிய வேலை கெட்டுவிடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

தெரிந்தும், மழைநாளில் அவரே அமுக்கியதை நான் கண்டிருக்கின்றேன். மடுவத்திலே தராசு நிறையையே பார்க்கும். குறித்த கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர்தான். கூடையின் நிறைக்கும் இலையிலுள்ள நீருக்கும் என்று சில கிலோவைக் கணக்கப்பிள்ளை கழித்துவிடுவார். செடியிலே தளிர் குறைந்த நாளில், குறித்த நிறையை எட்ட வேண்டுமாயின் விரல்கள் மூன்றாம் இலைக்கும் நான்காம் இலைக்கும் இறங்கத்தான் செய்யும். 2021 ஆம் ஆண்டிலே நாட்சம்பளம் 1000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, பறிக்கவேண்டிய நிறை 18 கிலோ, 20 கிலோ என்று உயர்த்தப்பட்டதாகப் பல தோட்டங்களிலே தொழிலாளர் முறையிட்டனர். ஆட்கள் குறைந்து, ஏழு நாளுக்கொருமுறை பறிக்கவேண்டிய மலையைப் பத்து நாளுக்கொருமுறை பறித்தாலும் கொழுந்து முற்றிவிடும். தரம் வேண்டும் என்று இலையைப் பார்த்துச் சொல்வதும், கூலியை நிறை பார்த்துக் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று மாறானவை. தேயிலை சுவைப்போரின் மேசைக்கு வருவதற்கு நெடுநேரத்துக்கு முன்னரே, அதன் வகை அந்தத் தராசடியிலே பாதி தீர்ந்துவிடுகின்றது.

தொழிற்சாலையிலிருந்து ஒருநாள் வெள்ளி நுனியிற் சிறிது பாட்டியாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுக்கு மாதந்தோறும் கிடைத்த தூளைத் தவிர வேறு தேயிலையை அவர் அறியார். வெளிறிய அந்த நீரைக் குடித்துவிட்டு, "சாயமே இல்லையேடா, இதுக்கா அவ்வளவு விலை?" என்றார். பின்னர்ச் சிறிது நேரம் கழித்து, "மணம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, கோப்பையை மீண்டும் முகர்ந்து பார்த்தார்.

வாங்குவோருக்கு இரண்டொரு குறிப்பு. கழிவுத் தேயிலைக்குச் சாயமேற்றி நல்ல தேயிலையுடன் கலப்போர் பிடிபடுவதைப் பத்திரிகைகளில் அடிக்கடி காண்கின்றோம். ஐயமிருந்தால் வெள்ளைத் தாளொன்றை நனைத்து, தேயிலையைச் சிறிது தூவிப் பாருங்கள். உடனே திட்டுத்திட்டாகச் சிவப்போ மஞ்சளோ ஊறுமாயின் அதிலே சாயம் உண்டு. நல்ல தேயிலை குளிர்ந்த நீரில் அத்துணை விரைவாக நிறங் கொடாது. காந்தமொன்றை மேலே பிடித்தால் இரும்புத்தூளும் அகப்படும். பாலில்லாமற் கடுமையாக வார்த்த தேநீர் ஆறும்போது பால் தெளித்தாற்போல மங்குமாயின் அஞ்ச வேண்டாம். சத்து நிறைந்த தேயிலைக்கு அது அடையாளம். தேயிலையைச் சுவைப்போருக்கான சர்வதேச நியமத்திலே 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்று விதித்திருக்கின்றனர். குறைகளெல்லாம் வெளிப்பட வேண்டும் என்பதற்காக வகுத்த கணக்கு அது. வீட்டிலே மூன்று அல்லது நான்கு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். தேயிலையையும் நீரையும் சேர்த்துக் கொதிக்க வைப்பது, பால் நிறையச் சேர்ப்போருக்கன்றி மற்றோருக்கு வேண்டியதில்லை. சோறுண்ட கையோடு தேநீர் அருந்துவது, சிறப்பாகப் பெண்களுக்கு, நன்றன்று. உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதை அது தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்து அருந்தலாம்.

சென்ற வாரம் மாஸ்ரர் தொலைபேசியில் அழைத்தார். யாழ்ப்பாணக் கடையிலே திம்புள்ளப் பகுதிப் பி.ஓ.பி.எஃப். அரைக் கிலோ வாங்கினாராம். தாளை நனைத்துத் தூவிப் பார்த்தாராம். தாள் வெள்ளையாகவே இருந்ததாம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க மிக நன்றாயிருக்கின்றது, ஆனால் இரண்டு நாளாக ஏதோ காரமான வாசனை வருகின்றது என்றார். தேயிலை அயலிலுள்ள மணங்களையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் பொருள். பெட்டியை எங்கே வைத்திருக்கின்றீர்கள் என்று கேட்டேன். மிளகாய்த்தூள்ப் போத்தலுக்குப் பக்கத்தில் என்றார்.